ஆடி முடியட்டும்

சுற்றுலாக் கப்பலை விட்டு இறங்கி ஒரு மணித்தியாலம் ஆகவில்லை, அதற்குள் ஏழாவது தடவையாக விஜயரத்தினம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மாலை ஐந்துவரை ஸ்பிளிட் நகரில் சும்மா திரியலாம். பிறகு இந்த மனிசனுக்கு என்ன அந்தரம்?

அவர் மனைவி மங்கையற்கரசிக்கு அவசரமே இல்லை. ஏட்ரியாட்டிக் கடல் ஊற்றிவைத்த எண்ணெய்போல அசையாமல் கிடந்தது. பின்னால், ரோமச் சக்கரவர்த்தி ஒருவன் ஓய்வுகாலத்துக்கென்று கட்டிய மாளிகை. அதன் சுவரிலேயே இப்போது யாரோ குடியிருந்துகொண்டு துவாய் காயப்போட்டிருந்தார்கள்.

“உங்களை மாதிரித்தான் அவரும். பென்சன் எடுத்த கையோட கடற்கரைக்கு வந்திட்டார்” என்றாள்.

அவர் சிரிக்கவில்லை.

ஜெர்மன் நகரமான பீலெஃபெல்டை விட்டு அவள் நிம்மதியாகப் புறப்பட்டதே இது ஆடி மாதம் என்பதால்தான். கலியாண வீடு, சாமத்திய வீடு ஒன்றும் வராது. போகவில்லை என்று யாரும் குறை பிடிக்கவும் ஏலாது.

ஆனால் நெஞ்சுக்குள் ஒரு நல்ல சொல் மூன்று கிழமையாகக் குறுகுறுத்துக்கொண்டிருந்தது. மகள் சஜிதா வினோஜனைக் கட்டப்போகிறேன் என்று நின்றபோது, “சேர்ச்சுக்குப் போற வேதக்காரப் பெடியன்தான் வேணுமெண்டால் நான் உனக்குத் தாயில்லை” என்று இரண்டு வருடத்துக்கு முன் சொன்னவள் அவள். இந்த ஆனிக் கடைசியில் பித்தப்பை ஒப்பரேசனுக்காக ஆஸ்பத்திரியில் கிடந்த நாலு நாளும் சன்னலால் பார்த்தாள். சஜிதாவைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, மேலே வர உரிமையில்லாதவனாக, வினோஜன் கார் தரிப்பிடத்திலேயே நின்றான். மழைக்குள்ளும் நின்றான். அவளுடைய வைராக்கியம் அங்கேதான் உடைந்தது. வீடு திரும்பிய அன்று ஆடி பிறந்துவிட்டது. நல்ல சொல்லை ஆடியில் எடுப்பதா? ஆவணி பிறக்கட்டும், முதல் வெள்ளியே அவனைச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவோம் என்று ஒருவருக்கும் சொல்லாமல் வைத்திருந்தாள்.

“இஞ்சரும், நீர் ஐஸ்கிறீமைக் குடியும். ஒருக்காக் கழிப்பறைக்குப் போட்டு வாறன்” என்று விஜயரத்தினம் எழும்பினார்.

கால் மணித்தியாலம் ஆயிற்று. சீனி வருத்தக்காரர், மயங்கி விழுந்தாரோ? பதறிக்கொண்டு அவள் தேடிப்போனாள். மாளிகை வாசலுக்குள், தூண் ஒன்றோடு ஒட்டி நின்று அவர் கைத்தொலைபேசிக்குள் குசுகுசுத்தார்.

“நீ பயப்பிடாத பிள்ளை. அம்மா அங்க ஐஸ்கிறீம் குடிக்கிறா. ஒண்டும் தெரியாது.”

அவள் எட்டிப் பார்த்தாள். திரையில் பதிவுத் திருமண அலுவலகம். மேசைக்கு முன்னால் குங்குமச் சிவப்புச் சேலையில் சஜிதா. பக்கத்தில் கோட்டோடு வினோஜன்.

மங்கையற்கரசிக்கு முதலில் வந்த கேள்வி அவளுக்கே விசித்திரமாக இருந்தது.

“ஆடியிலயா?”

விஜயரத்தினம் தூக்கிவாரிப்போடத் திரும்பினார். மறைக்க நேரமில்லை.

“ஆடி எண்டால் நீர் சந்தேகப்படமாட்டீர் எண்டு பிள்ளைதான் இந்தத் திகதிக்கு டெர்மின் எடுத்தவள்.”

“கப்பல்?”

அவர் நிலத்தைப் பார்த்தார். “நான்தான் ஒழுங்குபண்ணினனான். கலியாணத்துக்கு நீர் விட்டிருக்கமாட்டீரப்பா.”

முப்பத்திரண்டு வருடம் ஒரே கட்டிலில் படுத்த மனிதர். நேற்று இரவு கப்பலில் அவளுக்குப் போர்வை இழுத்துவிட்டவர். அப்போதும் இதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டுதானே?

“நான் விடுவனோ எண்டு ஒருக்காக் கேட்டுப் பாத்தனீங்களே?”

அவள் தொலைபேசியைப் பிடுங்கினாள்.

“ஐயோ, அன்ரி!” அங்கே படம்பிடித்துக்கொண்டிருந்த சஜிதாவின் தோழி நிவேதிதா பயத்தில் தன் தொலைபேசியை மேசையில் போட்டாள். சேலை மறைந்தது, முகங்கள் மறைந்தன. வெள்ளைக் கூரையும் நீளமான குழல் விளக்கும் மட்டும் திரையை நிரப்பின.

ஜெர்மன் மொழியில் ஓர் ஆண்குரல் நிதானமாகக் கேள்வி கேட்டது. மங்கையற்கரசி வாய் திறந்தாள். மூன்று கிழமையாகக் காத்துவைத்த சொல் தொண்டைவரை வந்தது.

“யா” என்று அதற்குள் சம்மதம் சொல்லிவிட்டாள் சஜிதா.

கைதட்டல் கேட்டது. சக்கரவர்த்தியின் வாசலில் சுற்றுலாக் கூட்டம் அவளை இடித்துக்கொண்டு போனது. அவள் அந்த வெள்ளைக் கூரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். யாருடையதோ ஒரு கை விளக்குக்குக் குறுக்கே வந்து, பூ எறிந்துவிட்டுப் போனது.