ஹென்றி சரி போட்ட கடிதங்கள்

1

ஓர் ஒப்புதலோடு தொடங்குகிறேன். இந்தக் கதையில் வரும் கடிதங்களை நான் கண்ணால் பார்த்ததில்லை. வாசித்தவள் பாரிஜாதம். பிரெஞ்சு பேசும் எங்கள் நகரத்தில், கோட்-டெ-நெய்ஜ் பகுதியில், எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தாள். சேலத்திலிருந்து படிக்க வந்தவள், படிப்பு முடிந்ததும் லொங்குய்யில் ஒரு சின்னக் கணினி நிறுவனத்தில் சேர்ந்திருந்தாள். நான் கதை எழுதுகிறவன் என்று தெரிந்தே என்னிடம் சொன்னாள். ஆகவே பிறர் கடிதத்தை வாசித்த பழியில் எனக்கும் பங்குண்டு.

முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: ‘2006 நவம்பர். லொங்குய்யின் கூரைகள் மீது முதல் பனி மெல்ல...’

வேண்டாம். இந்தக் கதையில் பனிக்கு வேலையில்லை. துணிக்குத்தான் உண்டு.

2

லொங்குய்யில் ஒரு சலவை ஆலை. ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகளைத் தோய்த்து, மடித்து அனுப்புவார்கள். முப்பத்துநான்கு பேர் வேலை செய்தார்கள். அதன் மேலாளர் ஹென்றி, வேலை நேரத்தைப் பதிய ஒரு புரோகிராம் கேட்டு வந்தார். (இன்று ‘செயலி’ என்போம். அன்று அந்தச் சொல் எங்கள் வாயில் ஏறியிருக்கவில்லை.)

“எளிமையாக இருக்கட்டும், மத்மொசெல்,” என்றார். “யார், எப்போது வந்தார், எப்போது போனார். அவ்வளவுதான்.”

பாரிஜாதம் திரையில் ஒரு பச்சைப் பொத்தானும் ஒரு சிவப்புப் பொத்தானும் வரைந்தாள். இப்போது எப்படிப் பதிகிறார்கள் என்று பார்க்கக் கேட்டபோது, ஹென்றி தடித்த பதிவேட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். பெயர், வந்த நேரம், போன நேரம், குறிப்பு. இரண்டு பேருடைய குறிப்புக் கட்டம் முழுக்கத் தமிழ்.

“பிந்தியதற்குக் காரணம் எழுதுகிறார்கள். மிக நேர்மையானவர்கள்,” என்றார் ஹென்றி. வாராவாரம் ஒவ்வொன்றுக்கும் சிவப்பு மையால் சரி போட்டிருந்தார்.

பாரிஜாதம் முதல் குறிப்பை வாசித்தாள்: ‘பருப்புக்கு உப்புக் கூட. பிள்ளை சாப்பிடேல்லை.’

பக்கத்தில் ஒரு சரி.

3

எழுதியவர் அருமைராசா. எழுதியது மனைவி இமெல்டாவுக்கு. (முதல் பிரதியில் இருவரையும் ‘அவர்’ என்றே எழுதினேன். கதைக்குள் நடக்கத் தொடங்கியதும் அவனும் அவளும் ஆகிவிட்டார்கள். பொறுத்துக்கொள்ளட்டும்.)

இருவருக்கும் அதே ஆலைதான். அவளுக்குக் காலை ஆறிலிருந்து இரண்டு வரை வேலை. அவனுக்கு இரண்டரைக்குத் தொடங்கும். அவள் வீடு திரும்புமுன் அவன் புறப்பட்டுவிடுவான். அவன் திரும்பும்போது அவள் தூங்கியிருப்பாள். இடையில் ஆறு வயது மெலனியைப் பார்த்துக்கொண்டது இமெல்டாவின் மச்சாள்.

குறிப்பை வீட்டிலேயே ஒட்டிவைக்கலாமே என்று நான் கேட்டேன். பாரிஜாதமும் பிறகு இமெல்டாவிடம் கேட்டிருக்கிறாள்.

“பிள்ளை சனிக்கிழமையில தமிழ் படிக்கிறா. காண்கிறதை எல்லாம் மச்சாளுக்குச் சத்தமாய் வாசிச்சுக் காட்டுவா. பேந்து வீட்டில இருக்கேலுமோ?” (பேந்து என்றால் பிறகு.)

4

பாரிஜாதம் பதிவேட்டைத் தொடர்கதை மாதிரி முதலிலிருந்து வாசித்தாள். வேலைக்காகத்தான் என்று என்னிடம் இரண்டு தரம் சொன்னாள்.

மெலனிக்கு இருமல். மருந்து குடுத்தாச்சு. புதுச் சட்டை வடிவாயிருக்கு. எந்தச் சட்டை? நீல நிறம். ஓம், தெரியும் உங்களுக்குப் பிடிக்குமெண்டு.

எல்லாவற்றுக்கும் சரி.

அக்டோபரில் அவன் எழுதியிருந்தான்: ‘டொரொண்டோ வேலைக்கு ஓம் எண்டு சொல்லிப்போட்டன். பேந்து கதைப்பம்.’

மறுநாள் இமெல்டாவின் கட்டம் வெறுமை. அதற்கடுத்த நாளும். அவன், ‘கோவமோ?’ என்று கேட்டிருந்தான். பதினொரு நாள் கழித்து அவள்: ‘மெலனிக்குப் பல்லு விழுந்திட்டுது.’ அவன்: ‘எந்தப் பல்?’

அதற்குப் பதில் இல்லை.

(இந்த இடத்தில் அருமைராசாவை ஓர் அதிகாரக்காரனாக்கிப் பார்த்தேன். ‘குடும்பத் தலைவன் நானே என்ற திமிரில்’ என்று ஒரு வாக்கியம் தொடங்கியது. ‘எந்தப் பல்?’ என்று கேட்டவனுக்கு அந்த வாக்கியம் பொருந்தவில்லை. அப்படியே விட்டுவிட்டேன்.)

5

கடைசிப் பக்கத்துக்கு வரப் பத்து நாளாயிற்று. கடைசி வரி இமெல்டாவுடையது: ‘நானும் வாறன். ஆனா என்னட்டை முதல்லை கேட்டிருக்கலாம் நீங்கள்.’

அதன் கீழே எதுவும் இல்லை. தேதியைப் பார்த்ததும் பாரிஜாதத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஹென்றி பதிவேட்டைத் தன்னிடம் கொண்டுவந்த நாள் அது. இமெல்டா இரண்டு மணிக்கு எழுதிவிட்டுப் போயிருக்கிறாள். இரண்டேகாலுக்கு ஹென்றி எடுத்துக்கொண்டு புறப்பட்டிருக்கிறார். அருமைராசா அதைப் பார்க்கவேயில்லை. அன்றிலிருந்து ஆலையில் உதிரித் தாள்கள்தான். ஒவ்வொருவருடைய வேலைநேரம் முடிந்ததும் அவை ஹென்றியின் அறைக்குப் போய்விடும், அடுத்தவர் கண்ணில் படாது.

ஒரே வீட்டில் இருக்கிறவர்கள், வாயால் சொல்லக்கூடாதா? ஞாயிறு பூசைக்கு மூவரும் சேர்ந்துதான் போனார்கள். வாசித்திருப்பார், அவரே பேசட்டும் என்று அவள் இருந்தாள். அவளுடைய கோபம் ஆறட்டும் என்று அவன் இருந்தான். டொரொண்டோ போகும் சனிக்கிழமை பஸ்ஸுக்கு அவன் ஒரேயொரு ரிக்கற் எடுத்திருந்தது பாரிஜாதத்துக்கு அப்போது தெரியாது.

அன்று வியாழக்கிழமை. அலுவலகத்தில் சொல்லாமல் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு பஸ் பிடித்தாள். ஆலை வாசலில் பெயர் சொல்லிக் கேட்டாள். இரண்டு மணிக்கு இமெல்டா கோட் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

“அக்கா, இது உங்க புக். என்கிட்ட இருந்துச்சு. அவர் கடைசிப் பக்கத்தைப் பாக்கவே இல்லக்கா.”

இமெல்டா பதிவேட்டை வாங்கிப் புரட்டினாள்.

“எல்லாத்தையும் வாசிச்சனீரோ?”

“வேலைக்காகக்கா...”

“பருப்பு விசயமுமோ?”

“முதல்ல அதுதான்க்கா வந்துச்சு.”

இமெல்டா சிரித்துக்கொண்டே அழுதாள். வீட்டுக்குப் போகாமல் வாசலிலேயே காத்திருந்தாள். அவன் வந்ததும் பக்கத்தைத் திறந்து நீட்டினாள். அவன் நின்றபடியே வாசித்தான். மனைவி எதிரே நிற்கிறாள், வாய் இருக்கிறது, சொல்லலாம். அவன் சட்டைப்பையில் பேனாவைத் தேடினான்.

6

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை அவன் போகவில்லை. டொரொண்டோ வேலையில் சேர அவகாசம் கேட்டான், கொடுத்தார்கள். மெலனியின் பள்ளிக்கூடம் முடிந்த ஜூன் மாதம் மூவருமாகப் போனார்கள். பிந்திய காரணத்துக்கு நான்கு தெரிவுகள் போதும் என்று ஹென்றி சொன்னபோது, பாரிஜாதம் இரண்டு கூட்டம் வாதாடி, தமிழில் தட்டக்கூடிய ஒரு வெற்றுப் பெட்டியைப் புரோகிராமில் வைத்தாள். ஏழு மாதம் அதில் என்ன வந்ததென்று தான் பார்க்கவில்லை என்கிறாள். நம்புகிறேன்.

ஆனால் அன்று வாசலில் அவன் எழுதியது? அதை வாசித்த இமெல்டா கோட்டின் பொத்தானைக் கழற்றினாள் என்று மட்டும் தெரியும். நானே மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். ‘மன்னிச்சுக்கொள்’: இமெல்டா அதற்குக் கோட்டின் பொத்தானைக் கழற்றியிருக்க மாட்டாள். ‘நீ வேண்டாமெண்டாப் போகமாட்டன்’: பழியை அவள் தலையில் போடுகிறது. மூன்றாவது உங்களிடம் காட்டும்படியாக இல்லை.

பாரிஜாதத்தைக் கேட்டேன். “அவர் எழுத ஆரம்பிச்சதும் திரும்பி நின்னுக்கிட்டேன்,” என்றாள். “அது ஒண்ணும் வேலைக்காக இல்லையே.”

அவள் திரும்பிக்கொண்ட இடத்தில் நான் எட்டிப்பார்ப்பது முறையல்ல. நீங்கள் யாரோடாவது ஒரு வீட்டில் பேசாமல் இருந்திருந்தால், அந்த வரியை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். கட்டம் இரண்டு விரல் அகலம்தான்.