நாலடி மிச்சம்

கோடு போடுவது என் தொழில். வண்டி நிறுத்தும் இடங்களில் வெள்ளைக் கோடு, பள்ளி மைதானங்களில் ஆட்டக் கோடு, ஆஸ்பத்திரித் தரையில் வழி காட்டும் கோடு என்று பதினாறு வருடமாகக் குனிந்த தலை நிமிராமல் போட்டுக்கொண்டிருக்கிறேன். கோணல் என்று ஒருத்தரும் வாய் திறந்ததில்லை. ஆனால் என் கூடப் பிறந்த இரண்டு பேருக்கு நடுவே ஒரு கோடு போட என்னையே கூப்பிடுவார்கள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

அக்கா கிழக்குக் கட்டடத்தில் கீழ்த்தளம். அண்ணன் அவளுக்கு இளையவன், எதிரே மேற்குக் கட்டடத்தில் கீழ்த்தளம். இரண்டு வாசலும் நேருக்கு நேர் பார்த்துக்கொள்ளும். நடுவே நாற்பதடி அகலத்தில் ஒரு சிமெண்ட் முற்றம், ஒரு முனையில் வாசல் கேட், மறு முனையில் தண்ணீர்த் தொட்டி. கிழக்குக்காரர்கள் துணி காயப்போடுவார்கள், மேற்குக்காரர்கள் பைக் நிறுத்துவார்கள். ஒரு நாள் கொடி அறுந்து வெள்ளை வேட்டி ஒன்று பைக் சங்கிலியில் போய்ச் சிக்கியது. அந்த வேட்டியில் பிடித்த எண்ணெய்க் கறையை வைத்து இரண்டு கட்டடமும் இரண்டு வருடம் சண்டை போட்டன. வேலை வெட்டி இல்லாதவர்கள் என்று நினைக்காதீர்கள், எல்லோரும் வேலைக்குப் போய்வந்த பிறகுதான் போட்டார்கள்.

சண்டை எங்கள் வீட்டுக்குள் வந்தது இரண்டு கட்டடமும் கூடிப் பேசிய ஒரு கூட்டத்தில்தான். அண்ணன்தான் மேற்குக் கட்டடத்துக்குச் செயலாளர். அக்கா ஏதோ சொல்ல எழுந்தாள். சொந்தத்துக்குச் சாதகமாகப் போகிறான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று அவனுக்குக் கவலை. "எதிர்க்கட்டட அம்மா, உக்காருங்க" என்றான். அக்கா உட்கார்ந்தாள். அன்றோடு பேச்சு நின்றது. நான் போய்க் கேட்டதற்கு, "என்னை யாரோன்னு சொன்னவன்கிட்ட எனக்கென்ன பேச்சு?" என்றாள். அவனிடம் கேட்டால், சபை நாகரிகம் என்றான். அந்த நாகரிகத்தைத் தூக்கிக் குப்பையில் போட வேண்டும் போல இருந்தது எனக்கு.

கடைசியில் முற்றத்தைச் சரிபாதியாகப் பிரித்து ஏழடிச் சுவர் எழுப்புவது என்று முடிவானது. திங்கட்கிழமை கொத்தனார் வருவார். அதற்குள் நடுக்கோடு போட வேண்டும். இரண்டு தரப்பும் நம்புகிற ஒரே ஆள் நான்தானாம். பிரித்துவிடுவதற்கு மட்டும் என்மேல் அப்படி ஒரு நம்பிக்கை.

எனக்குப் பயமாகவே இருந்தது. இரண்டும் பிடிவாதம் பிடித்த ஜென்மங்கள். சுவர் எழும்பிவிட்டால் தெருவைச் சுற்றிக்கொண்டு ஒருத்தர் வீட்டுக்கு ஒருத்தர் போக மாட்டார்கள். அப்புறம் முகத்தில் முழிப்பது யாராவது செத்தால்தான். வேலையை மறுத்திருக்கலாம். மறுத்தால் வேறு ஒருத்தன் வந்து போடுவான், கோணலாக வேறு போட்டுத் தொலைப்பான்.

சனிக்கிழமை காலையில் போனேன். எப்போதும் நூலின் மறு முனையைப் பிடிப்பது என் வீட்டுக்காரர். அன்று அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. வண்ணப்பொடி தடவிய நூலை இரண்டு முனையிலும் இறுக்கிப் பிடித்து, நடுவில் சுண்டினால்தான் தரையில் கோடு விழும். அதனால் கட்டடத்துக்கு ஒரு ஆள் வேண்டும், அளப்பதும் அவர்களே அளக்கட்டும், பின்னால் என்னைக் குறை சொல்லக் கூடாது என்றேன். மேற்கிலிருந்து செயலாளர் வந்தான். கிழக்கில் எல்லோரும் கூடிப் பேசி, அவனுக்கு ஈடு கொடுக்க அவன் அக்காவை விட்டால் ஆள் கிடையாது என்று அவளை அனுப்பினார்கள். பால்கனிகளில் கூட்டம் நின்றது.

ஆளுக்கு ஒரு டேப், ஒரு சாக்கட்டி கொடுத்தேன். அவரவர் சுவரிலிருந்து இருபதடி அளந்து, கேட் பக்கம் ஒன்று, தொட்டிப் பக்கம் ஒன்று என்று குறி வைக்க வேண்டும். அக்கா கேட் பக்கம் ஆரம்பித்தாள், அண்ணன் தொட்டிப் பக்கம். பிறகு இடம் மாறும்போது முற்றத்தின் நடுவில் எதிரெதிரே வந்து, தெரியாதவர்கள் போல விலகிப் போனார்கள். இவள் வானத்தைப் பார்த்தாள், அவன் டேப்பைப் பார்த்தான்.

கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் ஆளுக்கொரு முனையில் தரையைப் பார்த்தபடி அசையாமல் நின்றார்கள். என்ன என்று கேட்டேன். போய்ப் பார்த்தேன். ஒரே இடத்தில் விழ வேண்டிய குறிகள் தள்ளித் தள்ளி இருந்தன. நடுவே நாலடி. மறு முனையிலும் அதே நாலடி. இருபது வரை எண்ணத் தெரியாதா இந்த இரண்டுக்கும் என்று தலையில் அடித்துக்கொண்டு நானே அளந்தேன். முற்றம் சரியாக நாற்பதடி. அக்காவின் குறி பதினெட்டில் இருந்தது. அண்ணனின் குறியும் பதினெட்டில்.

அக்காவைத் தனியாக இழுத்துக் கேட்டேன். முதலில் டேப் மேல் பழி போட்டாள். பிறகு காதோரம் வந்து, சுவர் வந்துவிட்டால் அவனுக்குப் பைக்கைத் திருப்ப இடம் பத்தாது, காலில் வேறு கம்பி வைத்திருக்கிறான், ரெண்டடி அவன் பக்கம் போகட்டும் என்று விட்டேன் என்றாள். யாரிடமும் சொல்லாதே என்று கையைப் பிடித்துக்கொண்டாள். தொட்டிப் பக்கம் போனேன். அண்ணன் சொல்லவே மாட்டேன் என்றான். நான் முறைத்த பிறகு, ஏழடிச் சுவர் வந்தால் அந்தப் பக்கம் வெயில் எட்டாது, கொடி கட்டக் கொஞ்சம் தள்ளி இடம் வேண்டாமா என்று முணுமுணுத்தான்.

ரகசியம் காப்பதற்கு நான் என்ன பாங்க் லாக்கரா? முற்றத்தின் நடுவில் நின்று, இரண்டு பால்கனிக்கும் கேட்கும்படி, இவள் சொன்னதை அவனிடமும் அவன் சொன்னதை இவளிடமும் சொன்னேன். கோபத்தில் சொன்னேனா சந்தோஷத்தில் சொன்னேனா என்று எனக்கே தெரியவில்லை. நின்றது போதும், குறி எங்கே இருக்கிறதோ அங்கேதான் கோடு, இரண்டு குறி என்றால் இரண்டு கோடு, நூலைப் பிடியுங்கள் என்றேன்.

பிடித்தார்கள். அக்காவின் பக்கம் நூல் தொங்கியது. தொட்டிப் பக்கத்திலிருந்து அண்ணன் குரல் கொடுத்தான்.

"அக்கா, உன் பக்கம் தளருது. கொஞ்சம் இழு."

அக்கா இழுத்த இழுப்பில் நூல் அறுந்தது. கேட் அருகே அப்படியே உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அண்ணன் காலைத் தாங்கித் தாங்கி முற்றம் முழுக்க நடந்து அவளிடம் போனான். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் நூலுக்கு முடிச்சுப் போடுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இரண்டு கோடும் விழுந்தன. உடனே மேலேயிருந்து பஞ்சாயத்து ஆரம்பித்தது. நடுவில் இருக்கும் நாலடி யாருக்கு? இரண்டு தரப்பின் ஆளும் தானாக விட்டுக்கொடுத்த இடம், கேட்க யாருக்கும் வாய் இல்லை. ஆளில்லாத இடம் என்றால் நான் வரைகிறேன் என்றேன். எல்லோர் வீட்டிலும் சுவருக்கு அடித்த பெயிண்ட் டப்பாவின் அடியில் மிச்சம் கிடக்கும், நாளைக்குக் கொண்டு வாருங்கள் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வரை ஈ காக்கைகூட வரவில்லை. பிறகு அக்கா தன் சமையலறைப் பச்சையைக் கொண்டு வந்தாள். அண்ணன் தன் ஹால் மஞ்சளைக் கொண்டு வந்தான். "இந்தக் கலரைப் பார்த்துக்கிட்டா தினம் சாப்பிடுறே?" என்று அக்கா கேட்டாள். இரண்டு வருடம் சேர்த்து வைத்திருந்த கிண்டல் அது. அதைக் கேட்டு மாடியில் யாரோ சிரித்தார்கள், அந்தச் சிரிப்புக்குப் பிறகு டப்பாக்கள் இறங்கி வந்தன.

நான் ஒரே ஒரு விதி வைத்தேன். நாலடியையும் சாய்கட்டங்களாகப் பிரித்து, ஒரு கிழக்கு வீட்டு நிறத்தை ஒட்டி ஒரு மேற்கு வீட்டு நிறம்தான் வரும்படி வரைந்து கொடுத்தேன். நிறங்கள் சேருகிற ஓரத்தை அடிக்க இரண்டு வீட்டாரும் பக்கத்தில் பக்கத்தில் குந்த வேண்டும். ஓரம் பிசகினால் பேசித்தான் தீர வேண்டும். ஓரங்கள் நிறையவே பிசகின. படுக்கையறை ஊதா, குளியலறை நீலம், யாரோ ஆசைப்பட்டு வாங்கி மனைவி வேண்டாம் என்ற செங்கல் நிறம் எல்லாம் சாயந்தரத்துக்குள் தரைக்கு வந்தன. வேட்டிக்காரரும் பைக்குக்காரரும் ஒரே தின்னர் டப்பாவில் பிரஷ் கழுவினார்கள். என் பதினாறு வருட வேலையில் இவ்வளவு கோணலாக ஒன்றைச் செய்ததில்லை. இவ்வளவு பிடித்ததும் வேறில்லை.

திங்கட்கிழமை கொத்தனார் வந்தார். இரண்டு கோடு இருக்கிறதே, சுவரை எதன் மேல் கட்ட என்று கேட்டார். கிழக்கும் மேற்கும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். எதன் மேல் கட்டினாலும் அந்த நாலடி ஒரு பக்கம் போய்விடும், நடுவில் கட்டினால் யாருடைய கட்டத்தையாவது கொத்த வேண்டும். அக்காதான் முன்னால் வந்து, பெயிண்ட் இன்னும் காயவில்லை, அடுத்த வாரம் வாருங்கள் என்றாள்.

அடுத்த வாரமும் வந்தார். அப்போதும் அதே பதில். பாவம், மனுஷன் விடாமல் வந்துகொண்டிருக்கிறார். நாலு மாதம் ஆகிவிட்டது. போன வாரம் நான் அங்கே இருந்தபோது அவர் பொறுமை இழந்து, வெறுங்காலால் அந்தக் கட்டங்களின் மேல் நன்றாகத் தேய்த்துக் காட்டி, சுக்காகக் காய்ந்திருக்கிறதே, உங்கள் அக்காவிடம் சொல்லுங்கள் என்று செயலாளரைக் கேட்டார்.

"எங்கக்கா காயலைன்னா, காயலைங்க" என்றான் அண்ணன்.