வருங்கால ஜனாதிபதிக்கு ஒரு பொன்னாடை

சிறிதரன் அண்ணையின் கையில் மைக் அகப்பட்டால், எந்த விருந்தாளியும் வந்த பதவியோடு மேடையை விட்டு இறங்க முடியாது. மெல்பேர்னில் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் தலைவர் அவர். நோபல் பார்க் மண்டபத்துக்கு வந்த கவுன்சிலரை வருங்கால மேயர் என்பார், மேயரை வருங்கால மந்திரி என்பார். நாங்களும் கைதட்டிவிட்டு வடை சாப்பிடப் போவோம்.

அந்தச் சனிக்கிழமை வந்தவர் லூசியன் மார்ஷான். பிரான்சில் மேயர், எம்.பி., குடிவரவு மந்திரி என்று படிப்படியாக ஏறி, இப்போது ஐரோப்பிய ஆணையத்தில் ஆணையாளர். வர்த்தகப் பேச்சுக்கு மெல்பேர்ன் வந்தவர், எங்களோடு ஒரு படம் எடுக்கச் சம்மதித்திருந்தார். மன்னாரிலிருந்து போய்ப் பல வருடம் பாரிசில் இருந்தவள் என்பதால் மொழிபெயர்க்க என்னைப் பிடித்தார்கள்.

நான் சம்மதித்தது என் தம்பி கிறிஸ்ரியனுக்காக. அவன் பாரிசில் தடுப்பு முகாமில் இருக்கிறான். திங்கட்கிழமை கொழும்புக்கு விமானம் ஏற்றப்போகிறார்கள். அவனைப் பிடித்த சட்டமே மார்ஷான் மந்திரியாக இருந்தபோது கொண்டுவந்ததுதான். அந்த மனிதர் ஒருமுறை தொலைபேசியில் பேசினால் விமானம் அவன் இல்லாமல் போகும் என்று நம்பினேன்.

வாசலிலேயே அவருடைய செயலாளர் பெண் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"தேர்தல் பற்றி ஒரு சொல்லும் வரக்கூடாது. ஆணையாளர் பதவியில் இருந்துகொண்டே ஜனாதிபதித் தேர்தலுக்கு ஆயத்தப்படுகிறார் என்று ஏற்கெனவே கதை உலவுகிறது. பின்வரிசையில் இருப்பவர் பாரிஸ் பத்திரிகைக்காரர்."

மேடையில் மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த சிறிதரன் அண்ணையைத் திரும்பிப் பார்த்தேன்.

சிறிதரன் அண்ணை தமிழில் பேசப் பேச, நான் பிரெஞ்சில் சொன்னேன். மார்ஷானின் துணிச்சலான சட்டங்களைக்கூட அவர் புகழ்ந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் சொன்னேன். கடைசியில் குரலை உயர்த்தினார்.

"பிரான்சின் வருங்கால ஜனாதிபதி அவர்களே!"

மண்டபம் அதிரக் கைதட்டினார்கள். பத்திரிகைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். மார்ஷான் என் பக்கம் சாய்ந்து, "எதற்கு இவ்வளவு கைதட்டல்?" என்று கேட்டார்.

பயந்தேன். ஆனால் பயத்தைவிடத் தம்பி பெரிதாகத் தெரிந்தான்.

"உங்களை அடுத்த ஜனாதிபதி என்கிறார். அதை நான் இன்னும் பிரெஞ்சில் சொல்லவில்லை."

"சொல்லாதீர்கள்."

"என் தம்பியை உங்கள் நாடு திங்கட்கிழமை விமானத்தில் ஏற்றப்போகிறது."

அவர் என்னைப் பார்த்தார். அதில் கோபம் இல்லை. வாழ்நாள் முழுக்கப் பேரம் பேசியவரின் பார்வை அது. செயலாளரைக் கூப்பிட்டுக் காதில் ஏதோ சொன்னார். அவள் தம்பியின் பெயரைக் கேட்டுக்கொண்டு, தொலைபேசியோடு கண்ணாடிக் கதவுக்கு வெளியே போனாள்.

நான் மைக்கில், "எங்கள் மதிப்புக்குரிய விருந்தாளி அவர்களே" என்று முடித்தேன். எனக்கு வெட்கமாக இல்லை.

பொன்னாடை போர்த்தினார்கள், படம் எடுத்தார்கள். என் கண் கதவிலேயே இருந்தது. பாரிசில் அப்போதுதான் விடிகிறது, யாரையோ எழுப்ப வேண்டும். அவள் தொலைபேசியைக் காதில் வைத்தபடி காத்திருந்தாள்.

நன்றியுரைக்குச் சிறிதரன் அண்ணை மறுபடி எழும்பினார். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

"அண்ணை, அந்த ஜனாதிபதிக் கதை..."

"ஓம், நானும் கவனிச்சனான். நீர் அதைப் பிரெஞ்சில சொல்லாமல் விட்டிட்டீர். அந்தாள் சிரிக்கவேயில்லை. வந்த மனுசனை அப்பிடி அனுப்பினால் மரியாதையே? விடும், நான் இங்கிலீசிலயே சொல்லுறன்."

"வேண்டாம் அண்ணை, கிறிஸ்ரியன்..."

அதற்குள் மைக் அவர் வாய்க்குப் போய்விட்டது. அழகான ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார். சனம் எழுந்து நின்று கைதட்டியது. பத்திரிகைக்காரரும் எழுந்தார், கைதட்ட அல்ல, படம் பிடிக்க.

மார்ஷான் பொன்னாடையைக் கழற்றி, ஒழுங்காக மடித்துக் கதிரையில் வைத்தார். பிறகு கண்ணாடிக் கதவைப் பார்த்து ஒருமுறை தலையை ஆட்டினார்.

வெளியே அவள் அப்போதுதான் யாருடனோ பேசத் தொடங்கியிருந்தாள். பாதியில் நிறுத்தி, தொலைபேசியைப் பைக்குள் போட்டாள்.