பெருக்காத இடம்

சலூன்காரருக்குக் கை சும்மா இருக்காது. பேச்சோடு பேச்சாக எதிரில் இருப்பவர் காலரில் ஒட்டிய முடியைத் தட்டிவிடுவார். பஸ்ஸில் முன் சீட்டுக்காரரின் பின்னங்கழுத்தில் முடி கோணலாக இறங்கியிருந்தால், இறங்கும் இடம் வரும்வரை அவருக்கு நிம்மதி கிடையாது. "எவன்டா வெட்டினான் இதை?" என்று வாய்க்குள் முனகிக்கொண்டே வருவார்.

மனைவி அவருக்குச் சளைத்தவள் இல்லை. பெரிய ஓட்டல் ஒன்றில் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலையில் சேர்ந்து, கடைசியில் மூன்று மாடிகளுக்கு மேற்பார்வை பார்த்தவள். விரிப்பில் ஒரு சுருக்கம், குளியல் தொட்டியில் ஒரு முடி, கண்ணாடியில் ஒரு விரல் தடம், எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது. "நீங்க கடையில உதிர்க்கிறீங்க, நான் ஓட்டல்ல பொறுக்குறேன். நல்ல ஜோடிதான் போங்க!" என்று சிரிப்பாள். அந்த வேலை வீட்டுக்கும் கூடவே வந்தது. சொந்தக்காரர் வீட்டுக்குப் போனாலும், கட்டிலில் உட்காருவதற்கு முன் விரிப்பை நான்கு பக்கமும் இழுத்துவிட்டுத்தான் உட்காருவாள். ஒருமுறை பல்வலி உயிர் போகிறது என்று டாக்டரிடம் போனால், காத்திருக்கும் அறையில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே அங்கே கிடந்த பத்திரிகைகளை அளவு பார்த்து அடுக்கிக்கொண்டிருந்தாள். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். இவளுக்குச் சம்பளப் பழக்கம்.

ஓய்வு பெற்றபோது மொத்தமாகக் கைக்கு வந்த பணத்தில் வீட்டு மனை வாங்குவாள் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவளோ ஊருக்கு வெளியே, கல்குவாரிச் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, இரண்டு ஏக்கர் காட்டை வாங்கிவிட்டாள். காடென்றால் பிரமாதமாக ஒன்றுமில்லை. நெருக்கமாக மரங்கள், அவற்றின் மேல் ஏறிய கொடிகள், இடுப்பளவு முட்புதர், முழங்கால் புதைகிற சருகு, ஓரமாக மழைக்கு மட்டும் ஓடுகிற ஓர் ஓடை. அவ்வளவுதான்.

அவள் தம்பி லாரி ஓட்டுகிறவன். அக்காவைக் கிண்டல் பண்ண அவனுக்குக் காரணமே வேண்டாம், இப்போது காரணமும் கிடைத்துவிட்டது. "ஏன்க்கா, இத்தனை மரத்தை வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறே? விறகுக் கடையா?"

"ஒண்ணும் பண்ணப் போறதில்லைடா. அதுக்குத்தான் வாங்கினேன்."

சலூன்காரரும் சேர்ந்து சிரித்தார். அவருக்கும் அது புரியவில்லை என்பதுதான் உண்மை. ஆனாலும் மனைவி தனக்கென்று ஆசைப்பட்டு வாங்கிய முதல் பொருள் அது, அதனால் வாயை மூடிக்கொண்டார்.

கடைக்கு விடுமுறை விடும் நாளில் இருவரும் பழைய வேனை எடுத்துக்கொண்டு அங்கே போவார்கள். அவள் ஒரு விழுந்த மரத்தின் மேல் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதங்களைச் சருகுக்குள் விட்டுக்கொள்வாள். பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் குடிப்பாள். புதருக்கடியில் பழுப்பு நிறக் குருவி ஒன்று சருகைக் கிளறி உதறிக்கொண்டே இருக்கும். "அதுக்கு அடுக்கி வைக்கவே தெரியாது, கலைக்க மட்டும்தான் தெரியும்" என்று அதைப் பார்த்து அப்படிச் சிரிப்பாள். ஒருநாள் தரையிலேயே படுத்துத் தூங்கியும் விட்டாள். பகலில் அவள் தூங்கி அவர் பார்த்ததே இல்லை. எழுந்தபோது தலையெல்லாம் இலைத்தூள். அவர் தட்டிவிடக் கையை நீட்டினார்.

"விடுங்க, இருக்கட்டும்" என்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "இந்த ஒரு எடத்துலதாங்க எனக்கு எதையும் சரி பண்ணணும்னு தோணலை."

இதைவிடத் தெளிவாக ஒரு மனுஷி எப்படிச் சொல்லுவாள்? சொல்லுங்கள். ஆனால் நம் சலூன்காரர், அந்த வாரம் கடைக்கு வந்த ஒரு மாப்பிள்ளையின் கதையைப் பாதியில் நிறுத்தி வைத்திருந்தார். ஒரு காதில் வாங்கினார், கதையைத் தொடர்ந்தார். காதில் வாங்கியதையும் கோணலாக வாங்கிக்கொண்டார். பாவம், வயசாகிறது, இவ்வளவு பெரிய இடத்தைச் சரிபண்ண இவளால் முடியவில்லை, அதனால்தான் ஆசையை விட்டுவிட்டாள் என்று அவருக்குத் தோன்றியது. நாம் இருக்கும்போது இவள் ஏன் விட வேண்டும் என்று நினைத்தார். அன்பில்தான் நினைத்தார், அதில் சந்தேகமே வேண்டாம்.

மகளுக்குப் பிரசவ நேரம் வந்தது. உதவிக்கு மனைவி வேறு ஊருக்குப் போனாள், திரும்ப இரண்டு மாதம் ஆகும். அவளை வண்டி ஏற்றிவிட்ட மறுநாளே சலூன்காரர் மைத்துனனைக் கூப்பிட்டுப் புதர் வெட்டும் மிஷின் ஒன்றை வாடகைக்குக் கொண்டுவரச் சொன்னார்.

"அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா மாமா?"

"கேட்டா அது ஆச்சரியமாடா? வந்து பார்த்து வாயைப் பொளக்கணும் உங்கக்கா!"

சலூன்காரர் கண்ணுக்குக் காடு காடாகத் தெரிந்தால்தானே! வெட்டி வருஷக்கணக்கான தலையாகத்தான் தெரிந்தது. முதலில் புதர் போயிற்று. அப்புறம் கொடிகளை அடியில் அறுத்து உருவி இழுத்தார்கள். ஆள் உயரத்துக்குக் கீழே இருந்த கிளைகளையெல்லாம் ஒரே மட்டத்தில் நறுக்கி, பின்னால் நான்கு அடி நகர்ந்து, ஒற்றைக் கண்ணை மூடிச் சரிபார்த்தார். சருகை வாரி வாரி எரித்தார்கள். அவள் உட்காரும் அந்த விழுந்த மரத்தில் பூஞ்சை பிடித்திருக்கிறது என்று அதையும் அறுத்து லாரியில் ஏற்றிவிட்டு, அந்த இடத்தில் வர்ணம் பூசிய பெஞ்சு ஒன்றைப் போட்டார். பெஞ்சுக்குப் போக இருபக்கமும் கூழாங்கல் பதித்த பாதை. பெஞ்சுக்குப் பக்கத்தில், மனுஷனுக்கு எங்கேதான் தோன்றியதோ, மூடி போட்ட ஒரு குப்பைக்கூடை.

வேலை முடிந்த அன்று மைத்துனன் நின்று சுற்றிப் பார்த்தான். "பளிச்சுனு இருக்கு மாமா. ஆனா என்னவோ சத்தமே இல்லையே" என்றான். மிஷின் நின்றதால் அப்படித் தெரிகிறது என்று சலூன்காரர் அவனைச் சமாதானப்படுத்தினார்.

மனைவி திரும்பி வந்ததும் பயணக் களைப்புக்கூடத் தீரவிடாமல் வேனில் ஏற்றிக்கொண்டு போனார். கல்யாணத்தன்றுகூட அவர் இவ்வளவு பரபரப்பாக இருந்ததில்லை. வழியெல்லாம் பேரனின் மூக்கு யாரைக் கொண்டிருக்கிறது என்று அவள் சொல்லிக்கொண்டு வந்தாள். அவருக்கு எதுவும் மண்டையில் ஏறவில்லை.

வேனைவிட்டு இறங்கினாள். பாதை தொடங்கும் இடத்திலேயே நின்றுவிட்டாள். இந்தக் கோடியில் நின்று பார்த்தால் அந்தக் கோடிக்கு அப்பால் வளைந்து போகும் குவாரிச் சாலை தெரிந்தது.

"எப்படி?" என்றார் அவர், கையைக் கட்டிக்கொண்டு.

"ரொம்ப சுத்தமா இருக்குங்க."

ஓட்டல் முதலாளியிடம் பேசும் குரல் அது. வீட்டில் அவர் அதைக் கேட்டதே கிடையாது. ஆனாலும் அசந்துபோய்விட்டாள் என்றுதான் எடுத்துக்கொண்டார். அவள் பாதையில் நடந்துபோய், பெஞ்சைக் கைக்குட்டையால் துடைத்து, நுனியில் உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றவில்லை. மேலேயிருந்து ஓர் இலை சுற்றிச் சுற்றி வந்து பாதையில் விழுந்தது. எழுந்துபோய் அதை எடுத்தாள். உட்காருவதற்குள் இன்னொன்று விழுந்தது, அதையும் எடுத்தாள். இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு, "கூடை வச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள். இதோ என்று அவர் பெருமையோடு மூடியைத் திறந்து காட்டினார்.

அதற்கப்புறமும் வாராவாரம் போனார்கள். அவள் வரமாட்டேன் என்று ஒருநாளும் சொல்லவில்லை. வீட்டிலிருந்து துடைப்பம் எடுத்துக்கொண்டு வந்தாள். பாதையைப் பெருக்கினாள், பெஞ்சுக்கு அடியில் பெருக்கினாள், அப்புறம் மரத்தைச் சுற்றிப் பெருக்கினாள். "உட்காரும்மா" என்று அவர் சொன்னால், "இதோ, இந்த ஓரம் மட்டும்" என்பாள். இரண்டு ஏக்கர் நிலத்துக்கு ஓரம் எப்போது முடிகிறது? டீ பிளாஸ்க்கிலேயே ஆறிப்போகும். குருவியின் பேச்சை அவள் எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை.

விஷயத்தை உடைத்தவன் மைத்துனன்தான். முடி வெட்ட வந்து நாற்காலியில் உட்கார்ந்தவன், கண்ணாடியில் அவரைப் பார்த்துச் சொன்னான்.

"மாமா, அக்கா நேத்து போன்ல அழுதுச்சு."

கத்தரிக்கோல் நின்றது. "ஏன்டா? என்னாச்சு?"

"உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னுதான் சொல்லுச்சு. 'அங்க போனா மட்டும்தான்டா எனக்கு வேலை இல்லாம இருந்துச்சு. இப்ப அங்கயும் வேலை வந்துடுச்சு. ஆசையா செஞ்ச மனுஷன்கிட்ட இதை எப்படிடா சொல்றது'ன்னு அழுதுச்சு."

சலூன்காரர் பாதித் தலையோடு மைத்துனனை விட்டுவிட்டுக் கடை வாசலில் போய் நின்றார். "வளர்ந்துடும்டா. மழை பெஞ்சா வளர்ந்துடும்ல?" என்றார் தெருவைப் பார்த்து. கடையில் தப்பாக வெட்டிவிட்டால் வாடிக்கையாளரிடம் சொல்வது அதுதான். முடி பத்து நாளில் வளர்ந்துவிடும். அந்த முட்புதர் அந்த உயரத்துக்கு வர எத்தனை வருஷம் ஆகும், அத்தனை வருஷம் தாங்கள் இரண்டு பேரும் இருப்போமா என்று அப்போதுதான் அவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். இப்படிக் கையைக் கட்டிப்போடத் தெரியாத ஜென்மமாகப் போய்விட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

ஆனால் சும்மா இருக்க அவருக்குத் தெரியாதே! மழைக்காலம் பிடித்துக்கொண்டு மூன்று வாரம் அவளைக் காட்டுக்கு அழைத்துப்போக முடியாமலிருந்தது. அதை நல்ல சமயமென்று எடுத்துக்கொண்டார். விடியற்காலையில் பூங்காவுக்குப் போய், அங்கே பெருக்குகிறவர்களிடம் குவித்து வைத்த சருகைக் கேட்டார்.

"உரத்துக்கா சார்?"

"இல்லப்பா. காட்டுல போட."

"காட்டுல போட வெளியேருந்து இலையா! சமுத்திரத்துக்குத் தண்ணி ஊத்தக் குடத்தோட கெளம்பின ஆளை இன்னிக்குத்தான் சார் பார்க்கறேன்" என்று பெருக்குகிறவர் சிரித்தார். சிரித்தாலும் சாக்குகளை நிரப்பிக் கொடுத்தார்.

சாக்கு சாக்காக வேனில் கொண்டுபோய், மழைத் தூறலில் நின்று, மிட்டாய்க் காகிதம் ஒன்றுகூட இல்லாமல் பொறுக்கி எடுத்துவிட்டுச் சருகைத் தூவினார். பாதைக் கற்களைப் பெயர்த்து ஓடையில் போட்டார். பெஞ்சையும் கூடையையும் ஏற்றிக்கொண்டு வந்து மைத்துனன் வீட்டில் இறக்கினார். எங்கிருந்தோ ஒரு பழைய அடிமரத்தை உருட்டி வந்து, பழைய மரம் முன்பு கிடந்த இடத்திலேயே கிடத்தினார். கடைசிச் சாக்கை உதறிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது, ஓரளவுக்குப் பழைய காடு மாதிரியே இருந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

மழை விட்டதும் அவளை அழைத்துக்கொண்டு போனார். இந்தத் தடவை கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. இரண்டடி பின்னாலேயே தங்கி, அவள் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். செருப்பைக் கழற்றப் போகிறாள் என்று பார்த்தார்.

அவள் சுற்றிலும் பார்த்தாள். கன்னத்தில் கையை வைத்துக்கொண்டாள்.

"அட கடவுளே! யாருங்க இப்படிப் பண்ணினது? இவ்வளவு குப்பையைக் கொண்டாந்து கொட்டியிருக்காங்களே! பெஞ்சையும் தூக்கிட்டுப் போயிருக்காங்க பாருங்க. நீங்க எவ்வளவு பாடுபட்டுச் செஞ்சது!"

சலூன்காரர் ஓரடி முன்னால் வந்தார். நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் அவள் இலையோடு கிடந்த கிளை ஒன்றைக் குனிந்து எடுத்து, துடைப்பம் பிடிப்பதுபோலப் பிடித்துப் பார்த்துக்கொண்டாள்.

"நீங்க மனசு வருத்தப்படாதீங்க. நான் பார்த்துக்கறேன். அப்படி ஓரமா நில்லுங்க, ஒரு அரைமணியில முடிச்சுடறேன். வேன்ல சாக்கு ஏதாவது இருக்கா?"

இருந்தது. அவர் போய் எடுத்து வந்தார். அவள் பெருக்கிக் குவித்துக்கொண்டே வர, பின்னாலேயே நடந்து, சாக்கின் வாயை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.