பதினான்காம் டோக்கன்

அருப்புக்கோட்டையில் டாக்டர் காளீஸ்வரியின் அறைக்குள் அஃப்ரீத் ஒன்பது வருஷமாகப் போய்வருகிறான், ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. மருந்துக் கம்பெனி ஆள் என்றால் கடைசி நோயாளி வெளியேறிய பிறகு உள்ளே போக வேண்டும், நின்றபடி பேச வேண்டும், ரெண்டு நிமிஷத்தில் திரும்ப வேண்டும். அன்றைக்கு லீவு போட்டுவிட்டு, பதினான்காம் டோக்கனோடு மனைவி சனோபரைக் கூட்டிப் போனவன், அவளை உட்கார வைத்துவிட்டுப் பழக்கதோஷத்தில் சுவரோரம் நின்றுகொண்டான்.

"இன்னைக்கு மருந்து விக்க வரலல்ல? உக்காருங்க," என்றார் டாக்டர்.

உட்கார்ந்தான். சனோபரின் மார்பிலிருந்த கட்டி புற்றுநோய்தான் என்று ரிப்போர்ட்டைப் பார்த்து டாக்டர் சொன்னார். ஆரம்ப நிலை. மதுரையில் ஆபரேஷன், அப்புறம் மாதக்கணக்கில் சிகிச்சை. சனோபர் துப்பட்டா நுனியைச் சுருட்டிக்கொண்டே கேட்டாள். அஃப்ரீத் தனக்கு அழுகை வரும் என்று எதிர்பார்த்தான். வரவில்லை. மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்ப்பதுபோல மனசைக் கிள்ளிப் பார்த்தான், ஒன்றும் தெரியவில்லை.

"உங்களுக்கென்ன, பெரிய கம்பெனி. இன்சூரன்ஸே முழுசும் பாத்துக்கிரும்," என்றார் டாக்டர்.

அஃப்ரீத் தலையாட்டினான். வேலையை விடுவதாக அவன் கடிதம் கொடுத்து நாலு நாள் ஆகியிருந்தது.

பேர் பெற்ற கம்பெனிதான், குறை சொல்வதற்கில்லை. அந்தப் பேரைக் கேட்டதும் சனோபர் வீட்டில் மறுபேச்சில்லாமல் பெண் கொடுத்தார்கள். மகள் பிறந்ததும் கம்பெனி செலவில்தான், மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில். ஆனால் அவள் பிறந்த நேரத்தில் இவன் திருச்சுழியில் ஒரு கிளினிக் வாசலில் பையோடு நின்றிருந்தான். தினம் பன்னிரண்டு டாக்டரைப் பார்த்தாக வேண்டும். பரளச்சிப் பக்கம் பொட்டல் வெயிலில் பைக்கை நிறுத்தித் தண்ணீர் குடித்தால்கூட, செல்போனில் இருக்கிற ஆப் கம்பெனிக்குப் போட்டுக் கொடுத்துவிடும், "என்ன, ஒரே எடத்துல நிக்கிறீக?" என்று மேனேஜர் விஜயபாண்டி கூப்பிடுவார். புலிவாலைப் பிடித்த கதை. விடச் சொன்னதே சனோபர்தான். அவள் அண்ணன் சுல்தான் மல்லாங்கிணற்றில் மருந்துக்கடை திறக்கிறார், கூட்டுச் சேர்ந்துகொள்ளலாம் என்றாள். ராஜினாமாக் கடிதத்தை அடித்துக் கொடுத்தவளும் அவளே. இனி மத்தியானம் வீட்டில் சாப்பிடுவான் என்ற சந்தோஷத்தில் அன்றைக்கு நெய்ச்சோறு ஆக்கினாள்.

முப்பத்தொன்றாம் தேதி வேலைக்குக் கடைசி நாள். அன்றோடு இன்சூரன்ஸும் போய்விடும்.

வெளியே வந்து மேனேஜருக்குப் போன் போட்டான்.

"சார், அந்த ராஜினாமாவத் திரும்ப எடுத்துக்கிறேன்."

காரணத்தையும் சொன்னான். விஜயபாண்டி கெட்டவர் இல்லை. அவருக்கும் மேலே ஒருத்தர் உட்கார்ந்திருந்தார்.

"மேல பேசுறேன், எடுத்துக்கிருவாங்க. ஆனா இனிமே இந்தப் பேச்சு வரக்கூடாது. பரமக்குடிக்கும் ஆளு இல்ல, அதையும் நீங்கதான் பாக்கணும்."

"பாக்குறேன் சார்."

"இன்னைக்கு லீவ ரத்து பண்ணிருங்க. ஒரு டாக்டரையாச்சும் பாத்ததா இருந்தாத்தான் எனக்குப் பேச வசதி. இப்ப எங்க இருக்கீக?"

"காளீஸ்வரி டாக்டர் கிளினிக்ல."

"அப்ப அதையே போட்டுருங்க."

சனோபர் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அண்ணன் கடைக்குப் போர்டு எழுதக் குடுத்துட்டாகளே," என்றாள்.

"சொல்லிக்கிரலாம்."

"வேலைய விடுங்கன்னு நானே சொல்லிட்டு, நானே உங்களத் திரும்பப் புடிச்சுக் கட்டிட்டேன்ல."

அப்படியெல்லாம் இல்லை என்று அவன் சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதில் ஆப்பைத் திறந்தான். டாக்டர் பெயரைப் போட்டான். இடம் சரி என்று காட்டியது. சந்திப்பு எப்படி இருந்தது என்று அடுத்துக் கேட்டது. நன்று, சுமார், மோசம், மூன்றில் ஒன்றைத் தொட வேண்டும். சுமார், மோசம் என்று தொட்டால் காரணம் எழுதச் சொல்லும்.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே 'நன்று' என்பதைத் தொட்டான்.