ஐந்து பரப்புக்கு ஒரு கையெழுத்து

நோர்வேச் சட்டப்படி நான் 2003ஆம் ஆண்டே புருஷனை விட்டவள். யாழ்ப்பாணத்தில் என் ஊரான எழுதுமட்டுவாளில் இன்னும் அவருடைய பெண்சாதி. இந்த இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம் என்பது, 2006 சித்திரையில் காணி உறுதி முடிக்கும் ஊர் நொத்தாரிசு எழுதிய கடிதம் ஒஸ்லோவில் நான் இருக்கும் ரொம்சோசுக்கு வந்தபோதுதான் எனக்கு விளங்கியது.

எழுதுமட்டுவாளில் என் பேரில் ஐந்து பரப்புக் காணியும் ஒரு கல்வீடும் இருந்தன. அம்மா சீதனமாக எழுதித் தந்தது. நான் இங்கே வந்தபின் தங்கச்சி புஷ்பராணிதான் அதில் குடியிருந்தாள். அவள் புருஷன் செத்துப் பத்து வருசம். ஒரே மகள் யதுர்ஷா, இருபத்துநாலு வயது. அவளுக்குக் கொழும்பில் இரும்புக்கடை வைத்திருக்கும் ஒருவர் பொருந்தியிருந்தார். ஆவணியில் தாலி. தாலி கட்டியதும் தாயையும் மகளையும் கொழும்புக்குக் கூட்டிப்போவதாக மாப்பிள்ளை பகுதி சொல்லிவிட்டது. திரும்பவும் சண்டை வரும் என்று எல்லாரும் பயந்த அந்த வருசம் ஊரில் பெண்பிள்ளையை வைத்திருந்த தாய்க்கு அதைவிட வேறு என்ன வேண்டும்? அவர்கள் கேட்டது ஒன்றுதான். தாலிக்கு முதல் காணி உறுதி பெண்ணின் பேரில் இருக்க வேண்டும்.

எனக்கு ஒரு தடையும் இல்லை. பிள்ளைகுட்டி இல்லாதவள் நான், யாருக்காகப் பிடித்து வைக்கப் போகிறேன்? ஆனால் நொத்தாரிசு எழுதியிருந்தார்: யாழ்ப்பாணத்தாருக்கான தேசவழமைச் சட்டப்படி கலியாணம் கட்டிய பெண் தன் காணியைக் கொடுப்பதானால் புருஷன் எழுத்தில் சம்மதிக்க வேண்டுமாம். காணி என்னுடையது, தந்தது என் தாய், ஒப்பம் வைக்க வேண்டியது அவர். வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் இருபது பேரின் மருந்துக்கு நான் தனியாகக் கையெழுத்து வைக்கிறேன். என் சொந்த மண்ணுக்கு என் கையெழுத்து போதவில்லை. கடிதத்தை மேசையில் எறிந்துவிட்டுத் தேத்தண்ணி போட்டேன்.

விவாகரத்துப் பத்திரத்தை அனுப்பினால் முடிந்ததே என்று கேட்பீர்கள். அங்கேதான் சிக்கல். 1986இல் ஊரில் பதிவெழுதி என்னைக் கட்டியவர் ஒருவர். 1987இல் ஏஜென்சிக்காரன் கொடுத்த வேறொருவர் கடவுச்சீட்டோடு ஒஸ்லோவில் வந்து இறங்கியவர் ரவீந்திரன். விமான நிலையத்தில் பயத்தில் கடவுச்சீட்டில் இருந்த பேரையே சொன்னார், பிறகு அதை விட்டு வெளியே வர முடியவில்லை. ரவீந்திரன் கலியாணம் கட்டாதவன் என்று எழுதியாயிற்று. ஆகவே மூன்று வருசம் கழித்து நானும் கலியாணமாகாத குமர்ப்பிள்ளையாக இங்கே வந்து, என் புருஷனையே இரண்டாம் தரம் கட்டினேன். பிறகு 2003இல் விட்டது அந்த ரவீந்திரனைத்தான். எழுதுமட்டுவாள்காரர் இன்னும் என் புருஷன்.

ரவீந்திரன் என்று எழுத எனக்குக் கூச்சமில்லை, அது அவருடைய பேர் இல்லை. சொந்தப் பேரை நான் ஒருநாளும் சொன்னதில்லை. எங்கள் பக்கத்தில் பெண்சாதி புருஷன் பேரைச் சொல்வதில்லை, ‘இஞ்சாருங்கோ’தான். இத்தனை வருசத்தில் ஒருமுறைகூட என் வாய் தவறாததற்குக் காரணம் கெட்டித்தனம் இல்லை, அந்த வழக்கம்தான்.

அவரை ஒஸ்லோ நகரத்துக் குறொன்லாண்டில் ஒரு தேத்தண்ணிக் கடையில் சந்தித்தேன். தான் இருக்கும் பியோர்ண்டாலில் இருந்து ரயிலில் வந்திருந்தார். மெலிந்திருந்தார், எனக்கு ஒரு நிமிசம் பாவமாகத்தான் இருந்தது. நொத்தாரிசின் கடிதத்தை வாசித்துவிட்டு, உண்மைப் பேரை நிரூபித்து ஒப்பம் வைத்தால் தன் நோர்வேக் குடியுரிமை போகும், பொய் சொல்லி வந்த என்னுடையதும் போகும் என்றார். அது எனக்கும் தெரியும். மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போட்டால் நீதிபதி சம்மதம் தரலாம், ஆனால் ஆவணி அதுவரை காத்திருக்காது. மிஞ்சியது புஷ்பராணி தொலைபேசியில் அழுதழுது சொன்ன வழிதான். அத்தானைச் செத்தவராகப் பதிந்தால் அக்கா விதவை. விதவைக்கு யாருடைய ஒப்பமும் தேவையில்லை.

நான் அதைச் சொன்னதும் அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

“ஏலாது,” என்றார். “இஞ்சை வேலையிலை, வங்கியிலை, டொக்டரிட்டை எல்லா இடமும் நான் வேறை ஆள். அந்த ஊர்ப் பதிவுப் புத்தகத்திலை மட்டுந்தான் நான் நானா இருக்கிறன். அதையும் நீர் வெட்டச் சொல்லுறீர்.”

எனக்குக் கோபம் வந்தது. உயிரோடு இருக்கும் ஒரு பிள்ளைக்கும் புத்தகத்தில் இருக்கும் ஒரு பேருக்கும் எது பெரிது என்று கேட்டேன். கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பத்தொன்பது வருசம் பொய்ப் பேரில் சம்பளம் எடுக்க வெட்கமில்லை, இப்போதுதான் மானம் வந்ததோ என்றும் கேட்டேன். அந்தக் கடைசிக் கேள்வியை நான் கேட்டிருக்கக் கூடாது. அவர் எழும்பிப் போனார்.

பத்து நாள் கழித்து அவரே தொலைபேசி எடுத்தார். அவருடைய தமக்கை செல்வமலர் ஊரில்தான் இருந்தா, அவவோடு கதைத்துவிட்டதாகச் சொன்னார். தம்பி 1987இல் வீட்டை விட்டுப் போனவன், பிறகு ஒரு தகவலும் இல்லை என்று அவ ஊர் அதிகாரியான விதானையாரிடம் எழுதிக் கொடுப்பா, அதை வைத்து மரணத்தைப் பதியலாம். அக்கா சம்மதித்தாவா என்று கேட்டேன். முதலில் ஏசினாவாம், பிறகு அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவில்லையாம். அப்படிச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். நன்றி சொல்ல எனக்கு நேரம் கிடைக்கவில்லை, கிடைத்திருந்தாலும் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை.

ஆடி நடுப்பகுதியில் மரணச் சான்றிதழின் பிரதி வந்தது. தபால்பெட்டிக்குப் பக்கத்திலேயே உறையைத் திறந்து, மரணம் என்ற தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு மடித்தேன். காணியை யதுர்ஷாவுக்கு எழுதும் அதிகாரத்தைப் புஷ்பராணிக்குக் கொடுக்கும் பத்திரத்தில், காலஞ்சென்ற இன்னாரின் விதவை என்று கையெழுத்து வைத்தேன். அதைப் பதிவுத் தபாலில் போட்ட நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆவணிக் கலியாணத்துக்கு யதுர்ஷாவுக்கு அனுப்பக் குறொன்லாண்டில் ஒரு சிவப்புச் சேலையும் வாங்கினேன்.

ஓகஸ்ட் பதினொன்றில் எங்கள் ஊருக்குப் பக்கத்து முகமாலையில் சண்டை தொடங்கியது. கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையிலான பாதை பூட்டியாயிற்று. தபால் கொழும்போடு நின்றது.

எழுதுமட்டுவாளில் எல்லாரும் உடுத்த உடுப்போடு எழும்பி ஓடினார்கள். புஷ்பராணியும் மகளும் கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒதுங்கினார்கள். கொழும்பு மாப்பிள்ளை வர வழியில்லை, இவர்கள் போகவும் வழியில்லை. ஐப்பசியில் தங்கச்சி தொலைபேசி எடுத்தபோது குரலில் அழுகைகூட இல்லை.

“அக்கா, அவையள் கொழும்பிலையே வேறை இடம் பாத்திட்டினம். எங்கடை காணிக்குள்ளை ஆமி காவலரண் போட்டிட்டான். கால் வைக்கேலாத காணிக்கு உறுதி என்னத்துக்கு எண்டு கேட்டவையாம்.”

யதுர்ஷா என்ன செய்கிறாள் என்று கேட்டேன். சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறாள், ஒருவரோடும் கதைப்பதில்லை என்றாள். கதைக்க ஒன்றும் இல்லைத்தானே. என் பத்திரம் எங்கே கிடக்கிறது என்று இன்றுவரை தெரியாது. கிடைத்தாலும் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சேலை அலுமாரியில் பையைவிட்டு வெளியே வரவில்லை.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் ரொம்சோசுக்கு வந்தார். நாங்கள் பிரிந்தபின் என் வீட்டுப் படி ஏறியது அதுதான் முதல் தடவை. எல்லாம் கேள்விப்பட்டிருந்தார். அந்தப் பதிவை அழிக்க முடியுமா என்று கேட்டார். செத்தவர் நேரில் போய்த்தான் உயிரோடு இருப்பதைக் காட்ட வேண்டும், ரவீந்திரனின் கடவுச்சீட்டோடு அதைக் காட்ட முடியாது. இதை நான் சொல்லத் தேவைப்படவில்லை. கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவருக்கு விளங்கிவிட்டது. தலையாட்டினார்.

“கடுதாசியைப் பாக்கலாமோ?” என்றார்.

எடுத்துக் கொடுத்தேன். சட்டைப் பையைத் தடவினார், கண்ணாடியை விட்டுவிட்டு வந்திருந்தார். கடுதாசியைக் கிட்டவும் தூரவும் பிடித்துப் பார்த்தார்.

“நீர் வாசியும்,” என்றார்.

நான் வாங்கினேன். என்னால்தான் இந்தக் கடுதாசி எழுதப்பட்டது, ஒருவருக்கும் உதவாமல் கிடக்கிறது. இனி எந்த வழக்கத்தைக் காப்பாற்றி என்ன?

“இறந்தவரின் முழுப்பெயர்,” என்று வாசித்தேன். “சின்னத்துரை குகநேசன்.”

பள்ளிக்கூடத்தில் இடாப்பில் பேர் கூப்பிடும்போது பின் வரிசை வாங்கில் இருக்கும் பிள்ளை சொல்வதுபோல, அவர் மெதுவாக “ஓம்” என்றார்.