கத்தியால் அறுத்த ரொட்டி

1

இந்தக் கதை ஒரு ரொட்டியிலிருந்து வந்தது. அப்படிச் சொன்னால் யார் படிப்பார்கள் என்று, '1947 நவம்பர், பிரென்னர் கணவாய், பனிப்புயல், நாற்பது துப்பாக்கிகள்' என்று ஆரம்பித்தேன். துப்பாக்கி ஒன்றுதான், அதுவும் ஜீப்பிலேயே கிடந்தது. பனியும் இல்லை. ஓய்வு பெற்றவன் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

போரில் ஊர் ஊராகக் கொன்ற நாஜிகள் ஆஸ்திரியாவிலிருந்து எங்கள் மலைவழியாக இத்தாலிக்குள் இறங்கி, ஜெனோவாவில் கப்பலேறித் தப்பிக்கொண்டிருந்தார்கள். அவர்களைத் தேடிய நேச நாட்டுப் படைக் கேப்டன் டன்மோருக்கு நான் மொழிபெயர்ப்பாளன். அவர் கோப்பில் எரிந்த கிராமம் ஒன்றும் அதில் செத்த முப்பத்தொரு பேரின் பெயர்களும் இருந்தன. எரித்தவனின் புகைப்படம் இல்லை.

நோட்பூர்கா அக்கா நடத்திய விடுதியில் ஒருவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தன் சித்தி மகன், பக்கத்துப் பள்ளத்தாக்கில் பிறந்தவன் என்றாள் அவள். அவனுடைய அடையாளப் பத்திரமும் அதையே சொன்னது.

(அவனுக்கு ஓநாயின் கண்... அந்த வரியை அடித்துவிட்டேன். சாதாரணக் கண். சளி பிடித்திருந்தது.)

3

எங்கள் ரொட்டி கூரை ஓடு மாதிரி இருக்கும். மேசையில் வைத்து ஒரு குத்து விட்டால் சில்லு சில்லாகும். இங்கே பிறந்த எவனும் அதில் கத்தி வைக்கமாட்டான். இவன் வைத்தான். கேப்டன் கவனிக்கவில்லை, அவரும் தன் ரொட்டியை அறுத்துக்கொண்டிருந்தார்.

நான் பார்த்ததை நோட்பூர்கா பார்த்துவிட்டாள். காலிக் கோப்பையை எடுக்கிற சாக்கில் என் காதருகே குனிந்தாள்.

"தம்பி, இவன் கப்பலேறிட்டா, ருஷ்யாவுல கைதியா இருக்கற என் பையனை விடுவிச்சுத் தர்றதா இவன் ஆளுங்க சொல்லியிருக்காங்க."

"அவங்களால அங்க ஒரு கோழியைக்கூட விடுவிக்க முடியாதுக்கா."

"தெரியும். உனக்குப் பிள்ளை இல்ல, சுலபமாச் சொல்லிட்ட."

கேப்டன் நிமிர்ந்தார். "என்னய்யா ரகசியம்? இவன் உங்க ஊர்க்காரன்தானா?"

4

இந்தக் கதைக்கு எழுதிப் பார்த்த முதல் முடிவில் "இல்லை சார்" என்றேன்; அவன் ஓட, நான் பாய்ந்து பிடித்தேன். (எனக்கு அப்போதே முட்டிவலி.) இரண்டாவதில் "ஆமாம் சார்" என்றேன்; அவன் கப்பலேறினான். மூன்றாவதில் நான்...

நிஜத்தில் ஒரே ஒரு சொல்தான் சொன்னேன். அதைக் கூட்டிச் சொல்லவும் வழியில்லை, குறைத்துச் சொல்லவும் வழியில்லை. அதனால் எழுதவில்லை.

நோட்பூர்காவின் மகன் 1950-இல், யார் தயவும் இல்லாமல், மற்றக் கைதிகளோடு ரயிலில் வந்து இறங்கினான். அதற்குப் பிறகு அவள் சாகும்வரை ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் எனக்கு ஒரு பொட்டலம் வந்தது. கடிதம் கிடையாது. எங்கள் ரொட்டி ஒன்று, கூடவே அதற்குத் தேவையே இல்லாத ஒரு கத்தி.

பதினேழு கத்திகள் என் இழுப்பறையில் இருக்கின்றன. இந்த எண்ணில் ஒன்றுகூட நான் கூட்டவில்லை. நான் என்ன சொல்லியிருந்தால் அவள் அவற்றை அனுப்பியிருப்பாள்? நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.